ஓர்மன் வந்த வழி

நல்லமிளகின் நெடிதான் முதலில் வருகிறது. அதற்குப் பிறகு மழை. லாடம் அடித்த செருப்புகளின் சத்தம் அதற்கும் பிறகு.

ஆடி மாதம். திற்பரப்புக்குக் கொஞ்சம் மேற்கே எங்கள் வீடு. மழைக்காலமானால் அருவியின் இரைச்சல் அழைக்காத விருந்தாளியைப் போல வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். மத்தியானக் கஞ்சி குடித்து முடித்திருந்தோம். அம்மா மரச்சீனிக் கிழங்கின் தோலை முறத்தில் வாரிக்கொண்டிருந்தாள். நாலு வயசுத் தம்பி நடையில் குந்தி, முற்றத்துத் தண்ணீரில் பிலாவிலைகளை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டிருந்தான். எனக்குப் பதினொன்று.

தம்பி விட்ட இலை ஒன்று மிதந்துபோய் ஒரு செருப்பில் முட்டி நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு போலீஸ்காரர்கள். தொப்பியின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அப்பா எங்கள் தலைக்கு மேலே இருந்தார்.

பலகை பாவிய மச்சு அது. கடைச் சரக்கான நல்லமிளகை அங்கேதான் அடுக்கி வைத்திருப்போம். சாக்குகளுக்குப் பின்னால் மூன்று நாளாக ஒளிந்திருந்தார். அவருக்கு நல்லமிளகுத் தூசி ஒத்துக்கொள்ளாது. கடையில் சாக்கைப் பிரித்தாலே துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்கிறவர். ஒரு தும்மல் போதும். எங்கள் வீடே அந்த ஒரு தும்மலின் கீழே உட்கார்ந்திருந்தது.

மேலே பார்க்கக் கூடாது என்று கழுத்தை இறுக்கிக்கொண்டேன். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது. இப்போதும் மழைநாளில் யாராவது கதவைத் தட்டினால் கழுத்து முதலில் இறுகும், கால் அப்புறம்தான் நடக்கும்.

பட்டியலில் ஒரு பேர்

அப்பா பெரிய போராளி ஒன்றும் இல்லை. முக்கில் சின்னக் கடை வைத்து நல்லமிளகும் பாக்கும் வாங்கி விற்றவர். மலையாள அரசின் கீழ் இருந்த எங்கள் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊரெல்லாம் கொதித்துக்கொண்டிருந்த காலம். கடையை அடைத்துவிட்டு ஒரு ஊர்வலத்துக்குப் போனார். கொடி பிடித்தாரா என்று பிற்காலத்தில் கேட்டேன். "கையில கொடதான் இருந்து, மழயல்லா" என்றார்.

அந்த ஊர்வலம் கலைந்த விதம் சரியில்லை. அன்று சாயங்காலமே போனவர்களையெல்லாம் போலீஸ் பேர்ப்பட்டியல் எழுதுகிறது என்று பேச்சு வந்தது. பிடித்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வருகையில் நடந்து வருவதில்லை, யாராவது தாங்கிக்கொண்டு வருகிறார்கள் என்று இன்னொரு பேச்சு. எது மெய், எது பயத்தில் பெருகியது என்று அந்த வயதில் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் பயம் ஒரு முழம் குறைந்திருக்காது.

ஒன்று மட்டும் புரிந்தது. ஆளைப் பிடிப்பதற்கு முன்னால் பேரைப் பிடிக்கிறார்கள்.

ஒரே பதில்

எங்களுக்கெல்லாம் பொய் சொல்ல வரும். தம்பிக்கு வராதே.

பக்கத்துக் கரையில் நடந்தது அதற்குள் எங்கள் காதுக்கு வந்திருந்தது. அங்கே ஒரு வீட்டில் போலீஸ் நுழைந்ததும், யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே ஐந்து வயசுப் பிள்ளை ஒன்று ஓடிவந்து, "எங்க மாமா பத்தாயத்துக்குள்ள இல்ல" என்றதாம். நெல் போடுகிற பத்தாயத்தைத் திறந்து மாமாவை எடுத்துக்கொண்டு போனார்கள். கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த கையோடு அவரவர் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்பா ஊரில் இல்லை என்று சொல்லிக்கொடுத்தால் எங்கே போனார் என்று கேட்பார்கள். தெரியாது என்று சொல்லிக்கொடுத்தால், தெரியாது என்று சொல்லிக்கொண்டே மச்சைப் பார்ப்பான். எதைக் கேட்டாலும் வரக்கூடிய ஒரே பதில் வேண்டும். யோசித்தது நான்தான். இன்றுவரை அந்தப் பாரம் என்னுடையது.

"ஓர்ம இல்ல."

ஓர்மை என்றால் எங்கள் பக்கத்தில் ஞாபகம். மலையாளத்திலும் அதுவேதான். வடக்கேயிருந்து வருகிற போலீஸ்காரருக்கும் புரியும், இங்கே பிறந்த பிள்ளையின் வாயிலும் வரும். அந்தச் சண்டையில் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக மிஞ்சியிருந்த சொற்களில் ஒன்று.

அதை விளையாட்டாக்கினேன். கடையிலிருந்து கொண்டுவந்த கருப்பட்டியை நகம் அளவுக்கு உடைத்துப் பாவாடை மடிப்பில் முடிந்து வைத்துக்கொண்டேன். காலையில என்ன தின்னே? ஓர்ம இல்ல. ஒரு துண்டு. இது யாருக்க வீடு? ஓர்ம இல்ல. இன்னொரு துண்டு. ஒரு நாளில் பிடித்துக்கொண்டான். கேள்வி முடிவதற்குள் கை நீண்டுவிடும்.

அம்மாவைக் காட்டி, "இவ ஆரு?" என்றேன்.

"ஓர்ம இல்ல."

அம்மா சிரித்தாள். பிறகு முந்தானையை இழுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். மச்சில் ஒரு பலகை மெல்ல முனகியது.

நாலாவது கிண்ணி

வந்தவர்களில் மூத்தவர் ஏட்டு. மலையாளம் பேசும் வடக்கர், நரை மீசை, தணிந்த குரல். அதட்டுகிறவராக இருந்திருந்தால் அழுது தொலைத்திருப்போம். அவர் அம்மாவைப் பார்த்துத் தலையைக்கூட அசைத்தார். மற்றவர் இளவயசுக் கான்ஸ்டபிள். பேச்சில் நம் பக்கத்துக்காரர் என்று தெரிந்தது.

அம்மா ஒப்புவித்தாள். சரக்கு வாங்கக் கோட்டாற்றுச் சந்தைக்குப் போனவர், வழியெல்லாம் இப்படிக் கிடப்பதால் வந்து சேரவில்லை என்று. ஏட்டு அதை மறுக்கவில்லை. அடுக்களை வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றார். கழுவிக் கவிழ்த்த கஞ்சிக் கிண்ணிகள் அங்கே வரிசையாக இருந்தன. நாங்கள் மூன்று பேர். கிண்ணிகள் நாலு.

"நாலாமத்தேது ஆர்க்கா?" என்றார். நாலாவது யாருக்கு?

அம்மாவின் கையிலிருந்த முறம் சாய்ந்து கிழங்குத் தோல் சரிந்தது. குனிந்து அதை அள்ளத் தொடங்கினாள்.

ஏட்டு பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தம்பியின் முன்னால் வந்து குந்தினார். சட்டைப் பையிலிருந்து ஒரு நாரங்கா மிட்டாயை எடுத்தார். ஆரஞ்சுச் சுளை போல, மேலே சீனி ஒட்டியிருக்கும். எங்கள் முக்கில் அது தேர்த் திருவிழாவுக்கு மட்டும்தான் வரும். தம்பி என்னைப் பார்த்தான். மிட்டாயைப் பார்த்தான். வாங்கி முழுசாக வாயில் போட்டுக்கொண்டான்.

"மோனே, நின்றெ பேரெந்தா?"

அவனிடம் அப்பாவைப் பற்றிக் கேட்பார்கள் என்று நினைத்திருந்தேன். வீட்டைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றி. பேரைக் கேட்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தம்பி பழகின பிள்ளை. மிட்டாய் அடைத்த வாயால் சொன்னான்.

"ஓம்மல்ல."

சொந்தப் பேர் ஓர்மை இல்லாத பிள்ளை உலகத்தில் உண்டா? சொல்லிக்கொடுத்த வாய் என்று கல்லுக்கும் தெரிந்துவிடும். ஏட்டின் கண் அவனை விட்டு மெதுவாக என்மேல் ஏறியது. எங்கள் பேச்சில் 'அல்லவா' என்பது 'லா' என்று தேய்ந்துபோகும் இல்லையா, அந்தத் தேய்மானம்தான் அன்றைக்கு என் நாக்கில் வந்து கைகொடுத்தது.

"ஓர்மன்லா சார்" என்றேன். "பேரைத்தான் சொல்லுகான். ஓர்மன். வாயில முட்டாயி கெடக்கு, அதாக்கும் தெளியல்ல."

"ஓர்மனோ?" ஏட்டுக்கு நம்பிக்கை வரவில்லை. "இங்ஙனெயும் ஒரு பேரோ?"

"எங்க குடும்பத்துச் சாமிக்க பேராக்கும்."

அப்படி ஒரு சாமி இல்லை. இளவயசுக் கான்ஸ்டபிளுக்கு அது தெரிந்திருக்கும். இந்தச் சீமையில் பிறந்தவருக்கு இங்கே என்ன சாமி உண்டு, என்ன பேர் உண்டு என்று தெரியாதா? என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பி மழையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"அச்சன் எவிடெ, ஓர்மா?" அப்பா எங்கே என்று அடுத்த கேள்வி.

"ஓம்மல்ல."

"பையனுக்குப் புத்தி கொஞ்சம் கொறவு போலிருக்கு ஏட்டே" என்றார் கான்ஸ்டபிள், மழையைப் பார்த்தபடியே. "எதக் கேட்டாலும் பேரத்தான் சொல்லுகான்."

ஏட்டு எழுந்தார். ஈரப் புத்தகத்தைத் திறந்து நீலப் பென்சிலால் எழுதினார். எழுதினதைத் தனக்குள் வாசித்துக்கொண்டார். ஓர்மன், வயசு நாலு. போகிறபோது அம்மாவிடம் அதே தணிந்த குரலில் சொன்னார், இனி வரும்போது ஓர்மன் மாத்திரம் மதி, நிங்ஙளாரும் வேண்டா. அடுத்த முறை அவனைத் தனியாகக் கேட்பேன் என்று அர்த்தம்.

லாடச் சத்தம் வேலியைக் கடந்தது. தென்னை வளைவில் திரும்பியது. அதற்குப் பிறகு மச்சில் அப்பா தும்மினார். ஒன்று, இரண்டு என்று ஏழு தடவை. அருவியின் இரைச்சலுக்கு அன்றைக்கு நாங்கள் நன்றி சொன்னோம்.

கல்லுக்கு விளக்கு

மறுநாள் விடியும் முன்னே அப்பா கிழக்கே புறப்பட்டுவிட்டார். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிவிட்டால் அது வேறு மாகாணம். தம்பி உறங்கிக்கொண்டிருந்தான். எழுப்ப வேண்டாம் என்றார்.

அன்று காலையில் அம்மா ஒரு உத்தரவு போட்டாள். "இனி இவன் ஓர்மன். பழைய பேர இந்த வீட்டுல எவளும் சொல்லப்பிடாது. கேட்டியாட்டி?"

முன்பெல்லாம் அந்தியில் அவனை அழைக்கும்போது அவள் பழைய பேரின் கடைசி எழுத்தை இழுப்பாள். அது வாழைத்தோப்பைத் தாண்டிப் போய் அவனைக் கூட்டிக்கொண்டு வரும். புதுப் பேரை இழுக்க வரவில்லை. ஓர்மா என்று நறுக்கிச் சொல்லிவிட்டு, யாருக்காவது கேட்டதா என்று வேலியைப் பார்ப்பாள்.

அவளுக்கு இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. இல்லாத சாமியின் பேரைச் சொல்லிப் பிள்ளையைக் காப்பாற்றியிருக்கிறோம், அந்தச் சாமி வந்து என் பேரை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டால்? நான் சொன்னேன், இல்லாத சாமி எப்படியம்மா வரும் என்று. "இல்லாததுதானே பயம்" என்றாள். ஓடையிலிருந்து ஒரு உருண்டைக் கல்லைக் கொண்டுவந்து பலாமரத்தடியில், எங்கள் பிலாமூட்டில் நட்டாள். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தாள். ஓர்மன் சாமிக்கு.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். நாஞ்சில் பக்கம் ஒரு தெருவில் நின்று தாணு என்று கூப்பிட்டால் ஏழெட்டுப் பேர் திரும்புவார்கள். சாமி பேர், தாத்தா பேர், மறுபடி சாமி பேர் என்று நாலைந்து பேர்களே தலைமுறைக்குத் தலைமுறை கைமாறிக்கொண்டிருந்த ஊர்கள் இவை. புதுப் பேர் ஒன்று சும்மா முளைத்துவிடாது. முளைத்தால் அதன் வேரில் ஏதோ நடந்திருக்கிறது.

தங்கம்மை அக்காளின் யோசனை

எங்களுக்கு அடுத்த வீடு தங்கம்மை அக்காள். அவளுடைய புருஷனும் பட்டியலுக்குப் பயந்து மலைப்பக்கம் போயிருந்தார். நிறைமாசம். நாக்கு மட்டும் எந்த மாசத்திலும் சும்மா இருக்காது. நடந்ததை முழுசாகத் தெரிந்தவள் எங்களைத் தவிர அவள் ஒருத்திதான்.

ஆவணியில் ஆண்பிள்ளை பெற்றாள். பேர் ஓர்மன் என்றாள்.

அம்மா பதறிப்போனாள். "ஏன் தங்கம்மே, ஓம் பிள்ளையும் பயந்து சாகணுமா?"

"வரட்டும் மைனி" என்றாள் அவள், பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி. "ஓர்மன் எங்கண்ணு கேட்டா இவனத் தூக்கிக் குடுக்கேன். பொழுதுக்கும் கீறிக் கீறி அழுவான். அந்திக்குள்ள அவனுவளே கொண்டு தந்துருவானுவ."

சிரித்தாள். கண் சிரிக்கவில்லை. குழந்தையை மார்போடு அழுத்திய கை, வேலிப் பக்கம் தெரியாதபடி அவன் முகத்தை மூடியிருந்தது. அந்தக் கையை நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

அடுத்த மாசம் இன்னொரு வீட்டில் ஓர்மன். அவர்களுக்கு விஷயம் தெரியாது. சாமி பேர் என்று வைத்தார்கள். விளக்கு வைத்த பிலாமூட்டைப் பார்த்து, போலீஸ் வந்தும் பிள்ளையைத் தொடவில்லை என்ற கதையைக் கேட்டு. மாசிக்குள் ஐந்து. தவழத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக, எங்கள் ஓர்மனின் பின்னால் வாத்துக் குஞ்சு மாதிரி நகர்ந்தன.

பிற்பாடு மாவட்டம் இந்தப் பக்கம் சேர்ந்தது. பட்டியல்கள் மட்கின. பேர் மட்கவில்லை. பஸ்ஸில் ஒரு கண்டக்டர் ஓர்மன். முட்டத்தில் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே, கரையில் ஏற்றி வைத்த வள்ளம் ஒன்றின் பக்கவாட்டில் 'ஓர்மன் துணை'. அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, யாராவது பின்னால் வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். போன மாதம் மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் நான் எழுதிவரும் இந்தத் தொடரைப் படித்துவிட்டுக் கடிதம் எழுதியிருந்தார். பேர் ஓர்மன். தமிழ் வாத்தியார், ஒரே மனம் உள்ளவன் என்று அர்த்தம் சொன்னாராம். சரிதானா என்று கேட்கிறார்.

ஐயா, அப்படியே இருக்கட்டும். அது அழகான அர்த்தம். ஆனால் நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், உங்கள் பேருக்குப் பொருள் பயம்.

மிட்டாய் இல்லாத வாய்

ஏட்டு வந்தார். இனி வரமாட்டார் என்று நாங்கள் நம்பத் துணிந்த தை மாசத்தில், நல்ல வெயிலில், தனியாக.

நானும் அம்மாவும் பின்பக்கம் ஓலை முடைந்துகொண்டிருந்தோம். முற்றத்தில் "ஓர்மா" என்று அந்தத் தணிந்த குரல். அம்மா எழுந்த வேகத்தில் முடைந்த ஓலை காலில் சிக்கிக் கிழிந்தது. நாங்கள் வருவதற்குள் தம்பி ஓடிப்போய் அவர் முன்னால் நின்றுவிட்டான். மிட்டாய் அவனுக்கு ஓர்மை இருந்தது.

அவர் குந்தினார். கையில் புத்தகம் இல்லை.

"அச்சன் வந்நோ?"

"ஓர்ம இல்ல" என்றான் தம்பி.

இந்தத் தடவை வாயில் ஒன்றும் இல்லை. இரண்டு சொல்லும் மணி மணியாக விழுந்தன. ஏட்டின் புருவம் அசைந்தது. உதடுகள் சத்தமில்லாமல் அதைச் சொல்லிப் பார்த்தன. பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். அவருக்குப் புரிவதை நான் பார்த்தேன். ஒரு மனிதனுக்கு ஒரு விஷயம் விளங்குவதை அத்தனை கிட்டத்தில், அத்தனை பயத்தோடு அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

சட்டைப் பைக்குள் கையை விட்டார். மிட்டாய்தான் வந்தது.

"நல்ல பேரா" என்றார், நல்ல பேர்தான் என்று. தம்பியிடம் சொன்னாரா, என்னிடமா தெரியவில்லை. குடையை விரித்துக்கொண்டு வெயிலில் நடந்து போனார்.

பத்து நாள் அம்மா அரைவயிற்றுக் கஞ்சியோடு காத்திருந்தாள். பிலாமூட்டில் விளக்கு தினமும் எரிந்தது. யாரும் வரவில்லை. தெரிந்தும் ஏன் விட்டார்? அவர் வீட்டிலும் நாலு வயசில் ஒன்று இருந்திருக்கலாம். அல்லது அன்றைக்கு வெயில் அதிகமாக இருந்திருக்கலாம்.

நடுப்பகல்

ஆட்சி மாறிக் கேசுகளை எல்லாம் எடுத்துவிட்டார்கள் என்று சேதி வந்தது. அதற்குப் பின்னால் ஒரு நாள் உச்சிப்பொழுதில் அப்பா வந்தார். ஒளியாமல், முற்றத்தின் நடுவில், தன் நிழலை மிதித்துக்கொண்டு நின்றார். தாடி. கழுத்தெலும்பு தெரிந்தது. அம்மா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள்.

தம்பி பிலாமூட்டில், கல்லின் தலையில் ஒரு பிலாவிலையைத் தொப்பியாக வைத்துக்கொண்டிருந்தான்.

அப்பா அவனைப் பேர் சொல்லி அழைத்தார். பழைய பேர். எட்டு மாசமாக எங்கள் வீட்டில் ஒலிக்காத பேர். அம்மாவின் கண் தன்னையறியாமல் வேலிப் பக்கம் போய் வந்தது. தம்பி திரும்பவில்லை. இன்னும் ஒரு முறை அழைத்தார். அவன் இலையைச் சரிசெய்தான்.

"ஓர்மன்னு விளிக்கணும்" என்றேன்.

அப்பா கிட்டே போய்க் குந்தினார். ஏட்டு குந்திய அதே மாதிரி, ஒரு முட்டு தரையில் ஊன்றி.

"மக்கா, நான் ஆருன்னு தெரியுதா?"

அவன் அந்த முகத்தை நெடுநேரம் பார்த்தான். தாடியை, கண்ணை. பிறகு என்னைப் பார்த்தான்.

"ஓர்ம இல்ல."

சொல்லிவிட்டு வலது கையை நீட்டினான். அப்பாவிடம் அல்ல, என்னிடம்.

"நல்லாத்தான் படிச்சுக் குடுத்திருக்கே பிள்ளே" என்று அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதி வழியில் நின்று, முகத்திலேயே என்ன செய்வதென்று தெரியாமல் கிடந்தது. மெய்யாகவே மறந்துவிட்டானா, விளையாடுகிறானா என்று அவனிடம் நாங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று எங்களுக்குத் தெரியும்.

நீட்டிய கை இறங்கவில்லை. என் பாவாடை மடிப்பில் ஒரு துண்டு கருப்பட்டி இருந்தது. அப்பா என்னைப் பார்த்தார். அம்மா பார்த்தாள். முடிச்சை அவிழ்த்து அவன் கையில் வைத்தேன். வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, கல்லின் பக்கம் திரும்பிக்கொண்டான்.